இங்கிலாந்தின் ஜி.பி. பயிற்சி: மூன்று வருடத்தைத் தரலாமா?

இங்கிலாந்தில் ஜி.பி., அதாவது குடும்ப மருத்துவர், ஆவதற்கான பயிற்சிக்கு ஐந்துக்கு இத்தனை என்று ஒரே மதிப்பெண் போட முடியாது. விதி ஒன்று, சம்பளம் ஒன்று, தேர்வு ஒன்று. ஆனாலும் ஒரு சர்ஜரியில் (ஜி.பி.க்கள் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கு அங்கே அதுதான் பெயர்) ஆறு மாதம் இருந்தவர் இந்தத் துறையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறார். நாலு தெரு தள்ளி இன்னொரு சர்ஜரியில் இருந்தவர் எப்போது முடியும் என்று நாள் எண்ணுகிறார். இரண்டு பேரும் ஒரே தகுதியோடு, ஒரே ஆர்வத்தோடு வந்தவர்கள்தான். காலை நோயாளிகள் முடிந்த பிறகு, பயிற்சி தரும் மூத்த ஜி.பி.யான டிரெய்னர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் அரை மணி நேரம் ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் வித்தியாசம் அவ்வளவுதான். அந்த அரை மணி நேரம் இருக்கும் இடத்தில் மற்ற குறைகளைத் தாங்கிக்கொள்ளலாம். இல்லாத இடத்தில் நல்ல ரோட்டாவும் (பணி அட்டவணை) நல்ல சம்பளமும் சேர்ந்தாலும் மனசு நிறையாது.

முன்பு ஜூனியர் டாக்டர் என்று அழைக்கப்பட்டவர்களின் பெயர் 2024 செப்டம்பர் 18 முதல் ரெசிடென்ட் டாக்டர். பேச்சில் இன்னும் இரண்டும் புழங்குகின்றன. ஜி.பி. பயிற்சியில் இருப்பவர்களை எஸ்.டி. 1, 2, 3 என்று ஆண்டுக் கணக்கில் சொல்வார்கள். இந்த மதிப்பீடு இங்கிலாந்துப் பகுதியை மட்டும் பற்றியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நிர்வாகம் வேறு.

மூன்று வருடத்தில் என்ன இருக்கிறது

இந்தப் பயிற்சி சும்மா வந்துவிடவில்லை. 1950ல் ஜோசப் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இங்கிலாந்தின் சர்ஜரிகளைச் சுற்றிப் பார்த்து, அவற்றின் மோசமான நிலையை லான்செட் இதழில் எழுதினார். 1952ல் ஜி.பி.க்களுக்கென்று தனிக் கல்லூரி தொடங்கியது. அப்படியும் 1980களின் தொடக்கம் வரை, தனிப்பயிற்சி எதுவும் இல்லாமல் ஒருவர் ஜி.பி. ஆகிவிட முடிந்தது. 1976ல் வந்த சட்டத்தின்படி 1981, 82ல்தான் பயிற்சி கட்டாயமானது. அந்தக் கல்லூரியில் உறுப்பினராவதற்கான எம்.ஆர்.சி.ஜி.பி. தேர்வு கட்டாயமானது 2007ல்.

மொத்தம் மூன்று வருடம். நெடுங்காலமாகப் பாதி ஆஸ்பத்திரி, பாதி சர்ஜரி என்று இருந்ததை 2022 ஆகஸ்ட் முதல் 12 மாதம் ஆஸ்பத்திரி, 24 மாதம் சர்ஜரி என்று மாற்றத் தொடங்கினார்கள். இந்தப் பயிற்சியில் சமீப காலத்தில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஏன் என்பது ஆஸ்பத்திரி மாதங்களைப் பற்றிப் பேசும்போது புரியும்.

சேருவதற்கு எம்.எஸ்.ஆர்.ஏ. என்ற கணினித் தேர்வு. அதில் இரண்டு தாள்கள்: தொழில்சார் இக்கட்டுகள் பற்றிய 50 கேள்விக்கு 95 நிமிடம், மருத்துவ அறிவு பற்றிய 97 கேள்விக்கு 75 நிமிடம். கோவிட் காலத்தில் நேர்முகத் தேர்வு நின்றது. அதன் பிறகு இந்த மதிப்பெண்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. தேர்வு நியாயமாக நடக்கிறது. ஆனால் ஒருவருக்கு நோயாளியோடு பேசப் பிடிக்குமா என்பதை அது கேட்பதில்லை. இடம் கிடைப்பதும் அந்த வேலை பொருந்துவதும் வேறு வேறு விஷயங்கள் என்பதைச் சேருகிறவர் தாமாகவே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வரும்போது இருக்கும் ஆசை, பிறகு இருக்கும் ஆசை

ஏன் ஜி.பி. என்று கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு வகை, இந்த வேலையை நோக்கி வருவது: எல்லா வயதும் எல்லா நோயும் ஒரே அறைக்குள் வரும், ஒரு குடும்பத்தைப் பல வருடம் தெரிந்துகொள்ளலாம், முடிவுகளைத் தாமே எடுக்கலாம். இன்னொரு வகை, ஆஸ்பத்திரியிலிருந்து விலகி வருவது: நைட் ட்யூட்டி வேண்டாம், ஏழெட்டு வருடம் பயிற்சி வேண்டாம், குழந்தையைப் பள்ளியில் விட நேரம் வேண்டும். இரண்டாவது வகைக் காரணங்களைக் குறைவாக எண்ணவே கூடாது. குடும்பம் நடத்துகிறவருக்கு அவை உயிர்நாடி. ஆனால் அவற்றை மட்டும் நம்பி வருகிறவர்கள்தான் முதல் வருடத்தில் அதிகம் அடிபடுகிறார்கள். முதல் வருடத்தின் ஆஸ்பத்திரி மாதங்களில் நைட் ட்யூட்டி உண்டு. சர்ஜரிக்கு வந்த பிறகும், மாலை ஆறரைக்கு மேல் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய நாட்கள் உண்டு.

முதல் வகைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஒரே நோயாளியை வருடக்கணக்கில் பார்ப்பதன் பலனை 2021ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. 15 வருடத்துக்கு மேல் ஒரே ஜி.பி.யிடம் இருந்தவர்களை, ஒரு வருடம் மட்டும் ஒருவரிடம் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இறப்பு வாய்ப்பு சுமார் 25 சதவீதமும், அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதமும் குறைவாக இருந்தன. இதை நம்பித்தான் பலர் இந்தத் துறைக்கு வருகிறார்கள். ஆனால் பயிற்சியில் ஒரு சர்ஜரியில் இருப்பது ஆறு மாதமோ ஒரு வருடமோதான். எந்தச் சுகத்துக்காக வந்தார்களோ அதை ருசித்துப் பார்க்கவே பயிற்சி இடம் தருவதில்லை. இதற்குச் சில நல்ல சர்ஜரிகள் ஒரு எளிய வழி வைத்திருக்கின்றன: பத்துப் பதினைந்து நாள்பட்ட நோயாளிகளைப் பயிற்சி மருத்துவரின் பெயரிலேயே எழுதிவிடுகிறார்கள், அவர்களுடைய அடுத்த அப்பாயின்ட்மென்ட் எல்லாம் அவருக்கே போகிறது. நாலாவது மாதத்தில் ஒரு பாட்டி வேறு டாக்டர் வேண்டாம், இவரே பார்க்கட்டும் என்று வரவேற்பு மேசையில் சொல்வதற்கு ஈடான ஊக்கம் எந்தப் பாடத்திட்டத்திலும் கிடைக்காது.

மனிதருக்கு ஒரு வேலையில் ஈடுபாடு நிலைக்க மூன்று வேண்டும் என்று எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள் சொன்னார்கள்: தன் விருப்பப்படி நடக்க இடம், தன்னால் முடிகிறது என்ற உணர்வு, தான் ஒருவரோடு சேர்ந்தவன் என்ற உணர்வு. பணம் இந்த மூன்றில் வராது. 2016ல், ஆள் கிடைக்காத பகுதிகளுக்கு வருகிறவர்களுக்கு ஒரு தடவை 20,000 பவுண்டு தரும் திட்டம் தொடங்கியது. பணம் ஆளை அந்த ஊர் வரை கொண்டுவரும். அங்கே மனமொன்றி இருக்க வைப்பது சர்ஜரியின் வேலை.

28 மணி, 12 மணி

முழுநேரப் பயிற்சியில் சர்ஜரி வாரம் 40 மணி நேரம். நாலு மணி நேரம் ஒரு செஷன் என்று பத்து செஷன். அதில் ஏழு, அதாவது 28 மணி, நோயாளிகளுக்கு. மூன்று, அதாவது 12 மணி, படிப்புக்கு. படிப்பு மூன்றில் ஒன்று பகுதியின் எல்லாப் பயிற்சி மருத்துவர்களும் கூடும் அரை நாள் வகுப்பு, ஒன்று சர்ஜரிக்குள் நடக்கும் டியூட்டோரியல், ஒன்று சொந்தமாகப் படிக்க. 28 மணி என்பது நோயாளி முகம் பார்க்கும் நேரம் மட்டுமல்ல. கடிதங்கள், பரிசோதனை முடிவுகள், பார்த்த நோயாளிகளைப் பற்றி டிரெய்னரோடு பேசும் டிபிரீஃப் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

காகிதத்தில் இது உலகத்தரமான ஏற்பாடு. பத்து செஷனில் மூன்றைப் படிப்புக்கென்று பூட்டி வைக்கும் வேலை இங்கே ஆஸ்பத்திரித் துறைகளில் கிடைப்பது அரிது. நடைமுறையில் அது எங்கே ஓட்டை விழுகிறது என்றும் சொல்லிவிட வேண்டும். முதலில் போவது டியூட்டோரியல்: சர்ஜரியின் பங்குதாரரான டாக்டர் ஒருவர் விடுமுறை, டிரெய்னர் அவசர நோயாளிகளைப் பார்க்கப் போகிறார், டியூட்டோரியல் அடுத்த வாரம் என்கிறார். அடுத்து போவது சொந்தப் படிப்பு: அந்த நேரத்தில்தான் கடிதங்களும் முடிவுகளும் குவிந்த இன்பாக்ஸ் தீர்க்கப்படுகிறது. நேரம் மீறும்போது எக்ஸெப்ஷன் ரிப்போர்ட் எழுதும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இருந்தும் சர்ஜரியில் அதை எழுதுகிறவர்கள் குறைவு. நாலு டாக்டர் இருக்கும் இடத்தில், புகார் யாரைத் தொடுமோ அவரும் மத்தியானம் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவரும் ஒருவராகவே இருப்பார்கள், அதனால் கை தயங்குகிறது. இதற்குத் தீர்வு டிரெய்னர் கையில்: முதல் வாரத்திலேயே, நேரம் மீறினால் எழுதுங்கள், அது என் மேல் புகார் அல்ல, ரோட்டாவைத் திருத்த எனக்கு வேண்டிய ஆதாரம் என்று அவரே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

அப்பாயின்ட்மென்ட் நீளமும் திருப்தியை நேரடியாகத் தொடும் விஷயம். வழக்கமாக முதல் இரண்டு வாரம் மற்றவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது, பிறகு ஒரு நோயாளிக்கு 30 நிமிடம், அங்கிருந்து 20, கடைசி வருடத்தில் 15, முடியும் தறுவாயில் 10. மூன்று மணி நேரத்தில் 15 நிமிடம் என்றால் 12 பேர், 10 நிமிடம் என்றால் 18 பேர். ஒரு ஜி.பி. ஒரு நாளில் பாதுகாப்பாகப் பார்க்கக்கூடியது 25 தொடர்புகள் என்று பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் சொல்கிறது. இரண்டு கிளினிக் இருக்கும் நாளில் 18 பேர் வீதம் பார்த்தால் அது 36. பயிற்சி மருத்துவருக்கு அந்த வேகம் தயாரிப்பு அல்ல, சுமை. நேரத்தைக் குறைப்பதற்குத் தேதி பார்க்கக் கூடாது. குறிப்பு எழுதுவதையும் சேர்த்து நேரத்துக்குள் முடிகிறதா, டிபிரீஃபில் திருத்தம் குறைகிறதா என்று பார்த்துத்தான் குறைக்க வேண்டும்.

மத்தியானம் பன்னிரண்டு மணி

டிபிரீஃப் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். 58 வயதுக்காரர், இரண்டு மாதமாகக் களைப்பு என்று வருகிறார். பயிற்சி மருத்துவர் பயந்து ஒன்பது ரத்தப் பரிசோதனை எழுதுகிறார். ஹீமோகுளோபின் குறைவு, ஃபெரிட்டின் குறைவு என்று முடிவு வருகிறது. இரும்புச்சத்து மாத்திரை எழுதி, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

மோசமான டிபிரீஃப்: டிரெய்னர் வாசலில் நின்றபடி, எல்லாம் சரிதானே என்கிறார். சரிதான் என்று பதில். இரண்டு பேரும் போய்விடுகிறார்கள்.

நல்ல டிபிரீஃப்: டிரெய்னர் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த வயதில் ரத்தம் எங்கே போனது என்று நினைத்தீர்கள் என்று கேட்கிறார். அப்போதுதான் குடல் பற்றிய பேச்சே வருகிறது. மலத்தில் ரத்தத் தடயம் பார்க்கும் ஃபிட் பரிசோதனை எடுக்க வேண்டும், கிராமுக்கு 10 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் புற்றுநோய் சந்தேகத்துக்கான அவசரப் பரிந்துரை போக வேண்டும். பிறகு இரண்டாவது கேள்வி: ஒன்பதில் எந்த மூன்று பரிசோதனையை எழுதாமல் இருந்திருக்கலாம்? மூன்றாவது: நோயாளி ஃபிட் மாதிரிக் குப்பியைத் திருப்பித் தராவிட்டால் யாருக்குத் தெரியும்? இந்தக் கடைசிக் கேள்விதான் ஜி.பி. வேலையின் சாரம். ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருக்கும் நோயாளி எங்கும் போவதில்லை. சர்ஜரியில் கதவைத் தாண்டியதும் போய்விடுகிறார். அந்த இடைவெளிக்குப் பாலம் போடுவதைத்தான் சேஃப்டி நெட் என்கிறார்கள். கலந்தாலோசனையின் தனி அங்கமாக அதை 1987லேயே வகுத்து வைத்தவர் ரோஜர் நெய்பர் என்ற ஜி.பி.

ஏழெட்டு நிமிடத்தில் மூன்று பாடம். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அந்த நோயாளி தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்க மாட்டார். பயிற்சி மருத்துவர்களைக் களைக்கச் செய்வது வேலையின் அளவு மட்டுமல்ல, நிச்சயமின்மையும்தான். ஆஸ்பத்திரியில் சி.டி. இருக்கிறது, சீனியர் இருக்கிறார், மறுநாள் ரவுண்ட்ஸ் இருக்கிறது. சர்ஜரி அறையில் கதவை மூடியதும் தனி. அந்தத் தனிமைக்கு மருந்து டிபிரீஃப். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு கிளினிக் முடிவிலும், அப்பாயின்ட்மென்ட் திரையில் பூட்டிய ஸ்லாட்டாக இருந்தால்தான் அது நடக்கும். வேண்டுமென்றால் கதவைத் தட்டுங்கள் என்று சொல்லும் சர்ஜரிகளில் அது நடப்பதில்லை. தட்ட வேண்டிய நேரம் எது என்று புதிதாக வந்தவருக்குத் தெரிவதே இல்லை.

ஆஸ்பத்திரி மாதங்கள்

அவசர சிகிச்சை, குழந்தைகள், மகப்பேறு, மனநலம், முதியோர் போன்ற துறைகளில் சில, பெரும்பாலும் ஆறு ஆறு மாதமாக வரும். திருப்தி விழும் இடம் இதுதான். வார்டில் ஜி.பி. பயிற்சி மருத்துவர் என்பவர் ரோட்டாவில் ஓர் எண். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி, ஊசி போட்டு, ரத்தம் எடுத்து ஆறு மாதம் ஓடிவிடும். குழந்தைகள் துறையில் இருந்தும் ஓ.பி. கிளினிக்கை ஒரு முறைகூடப் பார்க்காமல் வெளியே வருகிறவர்கள் உண்டு. அரை நாள் வகுப்புக்குப் போக விடுவதில்லை என்பதும் பரவலான குறை. அவசர சிகிச்சையும் மனநலமும் பெரும்பாலும் நன்றாக இருக்கும், ஏனென்றால் அங்கே முடிவெடுக்கும் வேலை பயிற்சி மருத்துவருடையது.

வழி ஒன்று: சேர்ந்த முதல் வாரத்திலேயே, அந்தத் துறையில் மேற்பார்வை செய்யும் கிளினிக்கல் சூப்பர்வைசரிடம், மாதம் இரண்டு ஓ.பி. கிளினிக் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, அதைப் பயிற்சிப் பதிவேடான போர்ட்ஃபோலியோவின் கற்றல் திட்டத்தில் பதிவது. மூன்றாவது மாதத்தில் கேட்டால் ரோட்டா போட்டாகிவிட்டது என்ற பதில்தான் வரும்.

போர்ட்ஃபோலியோ

இந்தப் பதிவேடு 2020 ஆகஸ்டில் ஃபோர்ட்டீன்ஃபிஷ் என்ற இணையதளத்துக்கு மாறியது. அப்போது வகுத்த கணக்கின்படி முழுநேரத்தில், தாம் பார்த்த நோயாளிகளைப் பற்றி எழுதும் கேஸ் ரிவ்யூ வருடத்துக்கு 36. முதல் இரண்டு வருடம் தலா 4 கேஸ் விவாதமும் 4 நேரடிப் பார்வையும். கடைசி வருடம் 5 விவாதம், 7 கலந்தாலோசனைப் பார்வை. அதோடு 50 மருந்துச்சீட்டைத் தாமே ஆராய்ந்து, அதில் 20ஐ டிரெய்னர் மறுபார்வை செய்யும் பிரிஸ்கிரைபிங் மதிப்பீடு. கசப்பு அதிகம் வரும் பகுதி இது. பலருக்கு இது வெறும் பெட்டி நிரப்பும் வேலையாகத் தெரிகிறது, ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்கிறது.

குறை பெரும்பாலும் எழுதும் முறையில் இருக்கிறது. நோய் வரலாற்றை ஒரு பக்கம் எழுதி, கடைசியில் கைட்லைனைப் படித்தேன் என்று முடித்தால் அந்தப் பதிவால் எழுதியவருக்கும் பயன் இல்லை, படிக்கும் டிரெய்னரும் அதை எந்தத் திறனோடும் இணைக்க முடியாது. 36ஐ 12 மாதத்தால் வகுத்தால் மாதம் மூன்று. டிபிரீஃபில் டிரெய்னர் நிறுத்திக் கேட்ட கேஸ்களையே எடுத்து, என்ன நினைத்தேன், எங்கே மாறினேன், அடுத்த முறை என்ன செய்வேன் என்று 15 வரியில் அன்றே எழுதினால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. டிபிரீஃப் நன்றாக இருக்கும் சர்ஜரியில் போர்ட்ஃபோலியோவும் தானாக நன்றாக வருவது இதனால்தான்.

ஆண்டு முடிவில், முன்னேற்றத்தை மதிப்பிடும் ஏ.ஆர்.சி.பி. குழு பார்க்கும்போது பலர் மாட்டுவது பெரிய விஷயத்தில் அல்ல. உயிர்காப்புச் சான்றிதழ் காலாவதி, குழந்தைகள், நலிந்தவர்களின் பாதுகாப்பு பற்றிய மூன்றாம் நிலை சேஃப்கார்டிங் பதிவு இல்லை, ஃபார்ம் ஆர் என்ற சுய அறிவிப்புப் படிவம் நிரப்பவில்லை. இவை விடுபட்டால் அவுட்கம் 5, அதாவது ஆதாரம் முழுமையில்லை என்று வரும். மதிப்புக்குக் கேடு இல்லை, மன உளைச்சல் உண்டு. இன்னொன்று, கட்டாயமான ஐந்து அந்தரங்க உடல் பரிசோதனைகள். இவற்றை யாராவது பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆண் மருத்துவர்கள் பெண்களுக்கான இடுப்புப் பரிசோதனையைக் கடைசி மாதம் வரை தள்ளிவைத்துத் திண்டாடுவது வாடிக்கை. மகப்பேறு போஸ்டிங்கிலேயே முடித்துவிடுவது நல்லது.

இரண்டு தேர்வு

எம்.ஆர்.சி.ஜி.பி.க்குள் இரண்டு தேர்வு. முதலாவது, அறிவைச் சோதிக்கும் ஏ.கே.டி. கணினித் தேர்வு, 80 சதவீதம் மருத்துவம், 10 சதவீதம் புள்ளியியலும் ஆதாரமும், 10 சதவீதம் நிர்வாகம். தோற்பவர்கள் பெரும்பாலும் அந்த 20 சதவீதத்தைத் தொடாமல் விட்டவர்கள். முதல் முறை காரணமின்றி வலிப்பு வந்தவர் எத்தனை மாதம் கார் ஓட்டக் கூடாது (ஆறு), டி.ஐ.ஏ. என்ற தற்காலிகப் பக்கவாதம் வந்தவர் எத்தனை (ஒன்று), நோய்ச் சான்றிதழ் எத்தனை நாள் வரை தேவையில்லை (ஏழு) என்பவை வேலையில் தினம் வருபவை, மூன்று வார உழைப்பில் கைக்கு வருபவை.

இரண்டாவது, நோயாளியோடு பேசும் திறனைப் பார்க்கும் எஸ்.சி.ஏ., வேறு ரகம். 2023 நவம்பரில் தொடங்கியது. கடைசி வருடத்தில், தம் சர்ஜரி அறையிலேயே கணினி முன் உட்கார்ந்து 12 கேஸ். வீடியோவிலோ போனிலோ ஒவ்வொன்றும் 12 நிமிடம், நடுவில் படிக்க 3 நிமிடம். மூன்று தலைப்பில் மதிப்பெண்: விவரம் சேகரித்துக் கண்டறிதல், சிகிச்சையும் சிக்கலும், மனிதரோடு பழகுதல். கட்டணம் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். ஆறாவது நிமிடம் முடிவதற்குள் சிகிச்சைப் பேச்சுக்கு வந்துவிட வேண்டும். எட்டாவது நிமிடத்திலும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் முதல் தலைப்பில் நல்ல மதிப்பெண் வரும், இரண்டாவதில் எழுத ஒன்றும் இருக்காது.

நம் நாடுகளில் படித்துவிட்டுப் போகிறவர்கள் இடறும் இடமும் இதுதான், அதை அக்கறையோடு சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கும் இங்கிலாந்துப் பட்டதாரிகளுக்கும் இடையே தேர்ச்சி விகித இடைவெளி பழைய பிரச்சினை. இதற்கு முன்பு இதே இடத்தில் இருந்த சி.எஸ்.ஏ. தேர்வை எதிர்த்து இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கம் தொடுத்த வழக்கு 2014 ஏப்ரலில் தள்ளுபடியானது. ஆனாலும் சட்டப்படி இல்லாவிட்டாலும் தார்மீக அளவில் அவர்களுக்கு வெற்றி என்று நீதிபதியே குறிப்பிட்டார். தேர்வின் பெயர் இரண்டு முறை மாறிவிட்டது, இடைவெளி இன்னும் மூடவில்லை. அறிவுக் குறைவு இதற்குக் காரணம் இல்லை. மனப்பாடமான வாக்கியங்கள் ஒரு காரணம். உங்கள் கவலை என்ன, எதிர்பார்ப்பு என்ன என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, நோயாளி சொன்ன கவலையைப் பிறகு ஒரு தடவைகூடத் தொடாமல் போனால் கேட்டதற்கே மதிப்பெண் இல்லை. அவர் தன் அப்பா மாரடைப்பில் போனார் என்று சொல்லியிருந்தால், ஈ.சி.ஜி. முடிவை விளக்கும்போது அந்த அப்பா பேச்சில் வர வேண்டும். இதைப் புத்தகத்தில் பழக முடியாது. வாரம் இரண்டு உண்மையான கலந்தாலோசனையை, நோயாளியின் சம்மதத்தோடு பதிவு செய்து, டிரெய்னரோடு நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். அதையும் தேர்வுக்கு ஆறு வாரம் முன்பு தொடங்கினால் போதாது. சர்ஜரிக்கு வந்த முதல் மாதமே தொடங்க வேண்டும்.

முடிந்த பிறகு

பயிற்சி மூன்று வருடம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் நிரந்தரக் குடியிருப்புக்கு வழக்கமாக எண்ணப்பட்டு வந்தது ஐந்து வருடம். மற்ற பல துறைகளில் பயிற்சிக்குள்ளேயே அது முடிந்துவிடும், ஜி.பி.க்கு முடியாது. பயிற்சி முடித்ததும் விசாவுக்கு ஸ்பான்சர் உரிமம் உள்ள சர்ஜரியைத் தேட வேண்டும். கடைசி ஆறு மாதத்தில் பலருடைய மனநிலையைக் கெடுப்பது எஸ்.சி.ஏ.வை விட இதுதான். இதோடு 2024ல் இன்னொரு விசித்திரமும் நடந்தது. நோயாளிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்காத நாட்டில், புதிதாகத் தேர்ச்சி பெற்ற ஜி.பி.க்களுக்கு வேலை கிடைக்கவில்லை. கூடுதல் பணியாளர்களுக்கான அரசு நிதியில் அதுவரை ஜி.பி.க்களைச் சேர்க்க முடியாது. அந்த அக்டோபர் முதல் 8.2 கோடி பவுண்டு ஒதுக்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட புது ஜி.பி.க்களை எடுக்க வழி செய்தார்கள். 2025ல் வந்த அரசின் பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம், பயிற்சி இடங்களில் உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தரப்போவதாகச் சொன்னது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க நினைக்கிறவர் தேர்வுக்குப் பணம் கட்டும் முன் அந்த வருடத்து விதியைப் பார்த்துவிட வேண்டும்.

பகுதிநேரமாகப் பயிற்சி எடுக்கும் வசதி மனதாரப் பாராட்ட வேண்டியது. 80 சதவீதம் என்றால் மூன்று வருடம் மூன்றே முக்கால் ஆகும், 60 சதவீதம் என்றால் ஐந்து. போர்ட்ஃபோலியோ எண்ணிக்கையும் அதே விகிதத்தில் வருடத்துக்குக் குறையும். குழந்தை இருப்பவர்களையும் உடல்நலம் சரியில்லாதவர்களையும் இந்தத் துறையில் தக்கவைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் ஆண்டுதோறும் நடத்தும் பயிற்சிக் கருத்துக்கணிப்பின் முடிவுகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. சிவப்பு என்றால் மற்ற இடங்களை விடத் தெளிவாகக் கீழே, பச்சை என்றால் மேலே. மூன்று பேருக்குக் குறைவாகப் பதிலளித்த இடத்தின் முடிவு வெளியாகாது. ஒரு சர்ஜரியில் பயிற்சி மருத்துவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், அதனால் சர்ஜரி பெயரில் தேடினால் காலியாகத்தான் வரும். அந்தப் பகுதியின் ஜி.பி. திட்டத்தை மொத்தமாகப் பார்க்க வேண்டும். மேற்பார்வை, வேலைப்பளு, படிப்பு நேரம் ஆகிய மூன்று வரிசையும் மூன்று வருடமாக எப்படிப் போகிறது என்று பார்த்தால் போதும். ஒரு வருடச் சிவப்பை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

சர்ஜரியைத் தெரிவு செய்யும் வாய்ப்பு கிடைத்தால், அங்கே இப்போது இருக்கும் பயிற்சி மருத்துவரிடம் பத்து நிமிடம் பேசுவது வேறெதையும் விட உதவும். நல்ல இடமா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். போன வாரம் டியூட்டோரியல் நடந்ததா, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். டிரெய்னர் விடுமுறையில் போனால் டிபிரீஃப் யார் செய்கிறார் என்று கேட்க வேண்டும். மற்ற டாக்டர்களின் பரிசோதனை முடிவுகளும் உங்கள் இன்பாக்ஸில் விழுகின்றனவா என்று கேட்க வேண்டும். முடிந்தால் ஒரு மத்தியானம் நேரில் போய், சர்ஜரியின் மென்பொருள் எமிஸ் ஆகட்டும் சிஸ்டம்ஒன் ஆகட்டும், அந்த அப்பாயின்ட்மென்ட் திரையை ஒரு நிமிடம் காட்டச் சொல்லிப் பாருங்கள். காலைக் கிளினிக்கின் கடைசி ஸ்லாட்டில், பயிற்சி மருத்துவர் பெயரிலும் டிரெய்னர் பெயரிலும் ஒரே நேரத்தில் டிபிரீஃப் என்று பூட்டியிருக்கிறதா, அடுத்த நாலு வாரத்துக்கும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.